பெரிய நிறுவனங்களில் பணியிடப் பாதுகாப்பு: வளைகுடாவில் வேலை செய்வோர் அறிய வேண்டியவை

வளைகுடாவுக்கு வேலைக்குப் புறப்படும் நம் பிள்ளைகளிடம் சம்பளம் எவ்வளவு, ரூம் உண்டா, லீவு எப்போது என்றெல்லாம் கேட்கிறோம். அந்த வேலையில் உயிருக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பவர்கள் குறைவு. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, மின்நிலையம், கட்டுமானம் என்று பெரிய நிறுவனங்களில் வேலை செய்வோரும், ஊரில் இருக்கும் அவர்கள் குடும்பத்தாரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஹெல்மெட் கடைசிப் படி

ஹெல்மெட்டும் சேஃப்டி ஷூவும் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அவை கடைசிப் படி. ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. முடியாவிட்டால் ஆபத்து குறைந்த பொருளையோ முறையையோ கையாள வேண்டும். அடுத்து தடுப்பு வேலி, காற்றோட்டம் போன்ற ஏற்பாடுகள். பிறகு பயிற்சியும் வேலை விதிகளும். மிச்சமுள்ள ஆபத்துக்குத்தான் ஹெல்மெட்டும் கையுறையும். 2018-ல் வெளியான ஐஎஸ்ஓ 45001 என்ற உலகத் தரநிலையும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. பாதுகாப்புக்கு நிறுவனத்தின் மேல்மட்ட நிர்வாகமே பொறுப்பு என்றும் அது வலியுறுத்துகிறது.

பெர்மிட் வெறும் காகிதம் அல்ல

வெல்டிங், உயரத்தில் வேலை, டேங்கிற்குள் இறங்குதல் போன்றவற்றுக்கு எழுத்துப்பூர்வமான பெர்மிட் வேண்டும். 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தனர். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. அந்தச் செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் பம்பை இயக்கினார்கள், வாயு கசிந்து தீப்பற்றியது. ஷிஃப்ட் மாறும்போது எந்த வேலை பாதியில் நிற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது இதனால்தான் அவசியம்.

டேங்கிற்குள் இறங்கும் முன் வாயுச் சோதனை நடக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் இறங்கக் கூடாது. வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு அந்த நாற்றத்தை உணராது. நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்பி உள்ளே போகக் கூடாது. மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற மூச்சுக்கருவி இல்லாமல் இறங்குபவரும் அதே கதிக்கு ஆளாவார்.

வெயில்

கோடையில் திறந்தவெளி வேலைக்கு அரசுகள் தடை விதிக்கின்றன. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 மணி வரை. அமீரகத்தில் அதே மாதங்களில் 12.30 முதல் 3 மணி வரை; கத்தரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை, குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 11 முதல் 4 மணி வரை. அவசரப் பராமரிப்பு போன்ற சில பணிகளுக்கு விலக்கு உண்டு.

புதிதாகச் சென்றவரின் உடல் வெயிலுக்குப் பழக ஒரு வாரமாவது ஆகும். முதல் நாளே முழு வேலை கூடாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க வேண்டும். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, உடனே நிழலில் கிடத்தி உடல் முழுதும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ரமளானில் முஸ்லிம் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேர வேலைதான் என்பது சவூதி தொழிலாளர் சட்டம்.

விபத்து நேர்ந்தால்

ஆலை ஒரு நிறுவனத்துடையது, நம் பிள்ளையின் விசாவோ சப்ளை கம்பெனியுடையது என்பது அங்கே வாடிக்கை. விபத்து நடந்தால் பொறுப்பு கைமாறுவது இந்த இடத்தில்தான். "ரூமில் விழுந்ததாகச் சொல்லிவிடு" என்று ஃபோர்மேன் சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது. வேலையில் அடிபட்டது என்று மருத்துவமனைப் பதிவிலும் கம்பெனி அறிக்கையிலும் இல்லாவிட்டால் இழப்பீடு பெறுவது மிகக் கடினம். சவூதியில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பணிவிபத்துக் காப்பீட்டுக்காக முதலாளி சம்பளத்தில் 2 சதவீதம் கட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து எமிக்ரேஷன் கிளியரன்ஸ் பெற்றுச் செல்வோருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

பாஸ்போர்ட், இகாமா, வேலை ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் இருக்கட்டும். அவர் எந்த ஆலையில் வேலை செய்கிறார், உடன் தங்கியிருப்பவர் எண் என்ன என்பதையும் எழுதி வைத்துக்கொள்வோம். அடுத்த முறை போனில் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு, "இன்று என்ன வேலை, பெர்மிட் இருந்ததா?" என்றும் கேட்போம்.