கேள்வி நேரம் (சென்னைச் சட்டசபை)

குடிநீர், சாலை, வைத்தியம் முதலிய பொதுக் காரியங்களைக் குறித்து ஜனப் பிரதிநிதிகள் சர்க்காரைக் கேள்வி கேட்டுச் சபையறிய விடை பெறுவதற்கென்று சட்டசபை தன் கூட்டத்தின் தொடக்கத்தில் ஒதுக்கும் ஒரு மணி நேரம். இங்கிலாந்தில் பிரபுக்கள் சபையில் 1721-ல் தோன்றிய இவ்வழக்கம் சென்னையை அடைய ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி விரிவுபெற்ற சென்னைச் சபை மசோதாக்களை ஆலோசிப்பதோடு நின்றது. 1892-ஆம் ஆண்டுச் சட்டம் கேள்விக்கு அனுமதியளித்ததாயினும், முன்னறிவிப்புக் கொடுத்துக் கேட்டவர் கிடைத்த விடை எத்துணை மழுப்பலாயிருப்பினும் அதன்மேல் வாய் திறத்தற்கில்லை. மின்டோ-மார்லி சீர்திருத்தம் (1909) கேட்டவர்க்கு மட்டும் உபகேள்வி உரிமை வழங்கிற்று. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அவ்வுரிமை அங்கத்தினர் அனைவர்க்கும் உரியதாயிற்று. உரிமைக்கு உயிர் வந்தது அப்போதுதான் எனலாம். முதற் கேள்விக்குரிய விடையைக் காரியாலயம் சாவகாசமாக எழுதிக் கொடுத்துவிடும், உபகேள்விக்கோ மந்திரி தம் இலாகாவை அறிந்திருந்தாலன்றி விடை கூற இயலாது.

ஆயினும் 1921 முதல் 1937 வரை நடந்த இரட்டையாட்சியில் ஸ்தல சுயாட்சி, சுகாதாரம், கல்வி ஆகியன மந்திரிகளிடமும், பொக்கிஷமும் போலீஸும் கவர்னரின் நிர்வாக சபையிடமும் இருந்தமையால், கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு ஒருவரிடமும் காரியத்தைச் செய்து முடிக்கும் பணம் வேறொருவரிடமுமாகப் பிரிந்து கிடந்தன.

அக்காலத்தில் கேள்வி கேட்டவர்களுள் தலைசிறந்தவர் எஸ். சத்தியமூர்த்தி. 1923-ல் சென்னைச் சபை புகுந்து, பின்னர் மத்தியச் சட்டசபையில் காங்கிரஸ் கட்சியின் உபதலைவராக விளங்கிய அவர், உபகேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துச் சர்க்கார் அங்கத்தினரைத் திணறவைப்பதில் பெயர் பெற்றவர். 1939-ல் சென்னை மேயரானபோது நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்துக்குத் தாமே விடை கூறவேண்டியவரானார். அவர் முயற்சியால் கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1940-ல் தொடங்கிய பூண்டி நீர்த்தேக்கம், அவர் காலமான மறு ஆண்டு, 1944-ல் நிறைவேறிற்று. அச்சபையினருள் மற்றொருவரான, பிற்காலத்தில் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927-ல் சென்னைச் சபைக்கு வந்து, அதன் உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் வந்தது தேர்தலாலன்று, நியமனத்தால்.

சென்னை மாநகராட்சி மன்றம் 1973-ல் கலைக்கப்பட்டு 1996 வரை கூடாதிருந்த காலத்தில், மயிலாப்பூர்ச் சாக்கடை முதல் அடையாற்றுத் தெருவிளக்கு வரை வார்டு அங்கத்தினர் கேட்டிருக்கவேண்டியவற்றையும் சட்டசபை அங்கத்தினரே கேட்கும்படி நேர்ந்தது. 1978-ல் குடிநீர் வாரியம் ஏற்பட்டபின், தண்ணீரைப் பற்றிய கேள்வி மந்திரிக்கே உரியதாயிற்று.

தற்போதைய விதிகளின்படி, நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு வாய்மொழி விடையும் அதன்மேல் உபகேள்வியும் உண்டு. குறியில்லாதவற்றுக்கு எழுத்து விடையே. 2022 ஜனவரி 6 முதல் கேள்வி நேரம் நேரடியாக ஒளிபரப்பாகிறது.