குழலில் சிக்கிய குண்டு

பினாங்குத் தீவின் வடகிழக்கு முனையிலே கடலை நோக்கி நிற்கும் காரன்வாலிஸ் கோட்டையைக் காணச் செல்வோர், அங்குள்ள ஒரு பீரங்கியைத் தவறாது கண்டு மீள்வர். செரி ரம்பாய் என்பது அதன் பெயர். 1603-ஆம் ஆண்டில் யான் பர்கர்ஹைஸ் என்னும் ஒல்லாந்தர் அதனை வெண்கலத்தில் வார்த்தார். பத்தடிக்கு மேற்பட்ட நீளமும், ஆறு அங்குல அகன்ற வாயும் உடையது. ஒல்லாந்தர் அதனை ஜொகூர் சுல்தானுக்கு அளித்தனர். 1613-இல் ஜொகூரை வென்ற அச்சேயர் கவர்ந்து சென்றனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது சிலாங்கூரை அடைந்தது. 1871-இல் கோல சிலாங்கூரைத் தாக்கிய ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். ஐந்து கொடிகளைக் கண்ட அப்பீரங்கியின் வாயிலே, பிள்ளைப்பேறு வேண்டிய பெண்டிர் மலர் வைத்து வணங்கும் வழக்கமும் எழுந்தது. உயிரைக் குடிப்பதற்கென வார்த்த வாயிலே உயிர் வேண்டி மலர் வைத்தனர்!

அம்மலர் வைத்த வாயின் வழியேதான் முன்னாளில் வெடிமருந்தும் குண்டும் உட்சென்றன. பீரங்கிக்கு மட்டுமன்று, சிப்பாய் தோளிற் சுமந்த துப்பாக்கிக்கும் அஃதொன்றே வழி. முதலில் மருந்து, அதன்மேல் குண்டு. இரண்டையும் நீண்ட இரும்புக்கோலால் இடித்து அடிவரை இறக்க வேண்டும். போனவழியே திரும்பி வெளிவர வேண்டிய குண்டு இடைவழியிற் சிக்கிக்கொண்டால் என் செய்வது? அற்பமெனத் தோன்றும் இக்கேள்வி, நம் நாட்டு வரலாற்றின் பெரும் புயலொன்றோடு தொடர்புடையது.

ஆங்கிலக் கும்பெனியாரின் பழைய துப்பாக்கியின் குழல் முக்கால் அங்குல விட்டமுடையது, உட்புறம் வழவழப்பானது. குண்டோ அதனினும் சிறியது. ஆதலின் குண்டு எளிதில் இறங்கிற்று. ஆயின் குறி தவறிற்று. நூறு கசத்துக்கு அப்பால் ஒருவனைக் குறிவைத்து வீழ்த்துதல் அரிது. குழலின் உட்புறத்தே திருகுசுற்றாக வரிப்பள்ளங்கள் வெட்டினால், குண்டு பம்பரம்போற் சுழன்று நேரே பாயும் என்பதைக் கைவினைஞர் நெடுநாள் முன்னரே அறிந்திருந்தனர். ஆனால் அவ்வரிகளைக் குண்டு பற்றவேண்டுமாயின் அது இறுக்கமாக இருத்தல் வேண்டும். இறுக்கமாயின் இறங்காது, தளர்வாயின் சுழலாது. 1800-ஆம் ஆண்டளவில் ஆங்கிலப் படைக்கு வந்த பேக்கர் துப்பாக்கிக்குக் குண்டைத் தட்டி இறக்கச் சிறு மரச்சுத்தியும் தொடக்கத்தில் வழங்கப்பட்டதெனின், அத்தொல்லையின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தொல்லையைப் பெருக்கியது புகைக்கசடு. கருமருந்து எரிந்தால் அதன் எடையிற் பாதிக்கு மேல் ஆவியாகாமல் திடக்கழிவாகவே மிஞ்சும். சில வெடிகளுக்குள் அது குழலின் உட்சுவரிற் படிந்து இறுகும். முதற்குண்டு இனிது இறங்கிய குழலிலே பின்வரும் குண்டு பாதிவழியில் நின்றுவிடும்.

அவ்வாறு நின்ற குண்டை வெடித்துத் தள்ள முயல்பவன் தன் உயிரோடு விளையாடுகிறான். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருப்பின், வெடியின் வேகம் சிக்கிய குண்டிற் சென்று முட்ட, அவ்விடத்தே குழல் புடைக்கும், அல்லது பிளக்கும். அறிந்தோர் செய்த முறை வேறு. முதலில் மருந்தை நனைத்து அதன் வலியைப் போக்குவர். பின்னர் இடிக்கும் கோலின் நுனியிலே கூரிய திருகாணி ஒன்றைப் பூட்டிக் குழலுள் இறக்கி, மெல்லத் திருகுவர். ஈயம் மெல்லிய உலோகமாதலின் திருகாணி அதனுட் புகுந்து பற்றிக்கொள்ளும். பின் நேராக இழுத்துக் குண்டை வெளிக்கொணர்வர். இதற்கு வேண்டுவன வலிமையன்று; பொறுமையும், எங்கே சிக்கியுள்ளதென்ற அறிவுமே.

போர்க்களத்திலோ பொறுமைக்கு இடமேது? 1863-இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர் முடிந்தபின் பொறுக்கியெடுத்த துப்பாக்கிகள் 27,000-க்கு மேல். அவற்றுட் பல்லாயிரம் துப்பாக்கிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டும் அதற்கு மேலும் குண்டுகள் கிடந்தன. முன்னது வெடித்ததோ இல்லையோ என்றறியாமலே அச்சத்தில் நடுங்கிய கைகள் அடுத்ததை இடித்திறக்கியிருந்தன.

ஆகவே, சிக்காமலே இருக்க வழி தேடினர். 1849-ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுக்காரரான மினியே என்பார், அடியிற் குழிவுடைய கூம்புவடிவக் குண்டொன்றை அமைத்தார். தளர்வாக இறங்கும் அக்குண்டு, மருந்து வெடித்தவுடன் அடிப்பகுதி விரிந்து வரிகளைப் பற்றும். இக்கருத்தைத் தழுவியே 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கி எழுந்தது. கசடு இளகிக் குண்டு வழுக்கிச் செல்லத் தோட்டாவின் காகிதத்திற்குக் கொழுப்புப் பூசினர். அத்தோட்டாவைச் சிப்பாய் பல்லாற் கடித்துப் பிரித்தல் வேண்டும் என்பது படைவிதி.

இந்தியாவின் வெப்பத்தை அக்கொழுப்புத் தாங்குமா என்றறிய 1853-இலேயே மாதிரித் தோட்டாக்கள் இங்கு வந்தன. சிப்பாய்களின் பைகளிற் சுமந்து சோதிக்கப்பட்டன. கொழுப்பு உருகுமா என்று ஆராய்ந்தவர்கள், அதனைக் கடிக்கப்போகிறவனின் மனம் என்னாகும் என்று ஆராய்ந்தார்களில்லை. வங்கப் படையின் உயர் அதிகாரியான டக்கர் என்பவர், சிப்பாய்களின் உணர்ச்சியைப் புண்படுத்தாத பொருளே வேண்டும் என்று அவ்வாண்டிலேயே எழுதி எச்சரித்தார். எழுதியது ஏட்டிலே கிடந்தது.

1857 சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில், தொழிற்கூடக் கலாசி ஒருவன் ஒரு பிராமணச் சிப்பாயிடம் அவன் சொம்பிலிருந்து தண்ணீர் கேட்டான். சாதி கெடும் என்று அவன் மறுத்தான். மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசிய தோட்டாவைக் கடிக்கப்போகும் உனக்குச் சாதி ஏது என்று கலாசி திருப்பிக் கேட்டதாகப் படை அதிகாரியின் அறிக்கை கூறும். செய்தி காட்டுத்தீயாயிற்று. கையாற் கிழிக்கலாம் என விதியை மாற்றினர். சிப்பாய்களே நெய்யும் மெழுகும் கொண்டு பூசிக்கொள்ளலாம் என்றனர். நம்பிக்கை போனபின் வந்த சலுகை, ஐயத்தையே வளர்த்தது. ஏப்ரல் 24-ஆம் நாள் மீரட்டில் 90 குதிரைவீரருள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவை புதியனவல்ல, வழக்கமான பழைய தோட்டாக்களே! மே 9-இல் அவர்களைப் படைகளின் முன்னிறுத்தி விலங்கிட்டனர். மறுநாள் கிளர்ச்சி வெடித்தது.

நாடுகளைப் பறித்ததும், நிலவரியின் கொடுமையும், சிப்பாய்களின் குறைகளும் அப்புயலுக்குக் காரணமாய் முன்னரே திரண்டிருந்தன. தோட்டா மட்டும் காரணமன்று. ஆயினும் ஒன்று வெள்ளிடைமலை. தாகித்தவனுக்குத் தண்ணீர் மறுக்கும் சாதிச் செருக்கு ஒருபுறம். ஆளப்படுவோரின் மனத்தைக் கேளாத அதிகாரச் செருக்கு மறுபுறம். மனத்திற் சிக்கியதை மெல்லத் திருகி எடுக்க வேண்டிய வேளையில், விலங்கென்னும் வெடியால் தள்ள முயன்றனர், குழல் பிளந்தது.

இதன் முடிவு இன்னும் வியப்புடையது. 1866 முதல் அதே என்பீல்டு துப்பாக்கிகளின் அடிப்பக்கத்தை வெட்டித் திறந்து, பின்புறமாகத் தோட்டா இடும் ஸ்நைடர் முறைக்கு மாற்றலாயினர். வாய்வழி இடிப்பதும் நின்றது. காகிதத்தைக் கடிப்பதும் நின்றது. எந்தத் தோட்டாவின் பேரால் ஊர்கள் எரிந்தனவோ, எண்ணிறந்தோர் மாண்டனரோ, அஃது ஒன்பதே ஆண்டுகளிற் பழம்பொருளாயிற்று.

தோழர்களே! கருவிகள் விரைவில் மாறும், மாண்டவர் மீளார். பீரங்கிவாயில் மலர் வைக்கும் பெண்ணை எள்ளி நகையாடுதல் எளிது. அவளுடைய ஏக்கம் யாதென்று கேட்டு, மருத்துவத்தின் வழியைக் காட்டுதலே அறிவுடையோர் செயல். பிறர் மனத்தைத் திருத்தப் புகும் எவரும், குண்டு எங்கே சிக்கியுள்ளதென்று முதலிற் பார்ப்பாராக.