சிறுமலைக்கு ஒரு டூரும் நாலு சட்டப் பிரிவும்

எனக்குச் சொந்த ஊர் காரியாபட்டி. வானம் பார்த்த பூமி. ஒரு பொட்டு மேகம் இல்லாத நாள்ல, "வெள்ளம் வரப்போகுது, மாட்டை மேட்டுல கட்டு"ன்னு சிரிக்காம சொல்லுவாங்க. கேட்கிறவரும் அதே வானத்தைத்தான் பார்க்கிறார், அதனால நக்கல்னு புரிஞ்சிடும். சோஷியல் மீடியால படிக்கிறவருக்கு அந்த வானம் தெரியாது. சிக்கலே அங்கதான்.

மதுரைக்கு அந்தப் பக்கம் வாடிப்பட்டி. 2021-ல ஒரு இடதுசாரிக் கட்சிக்காரர் குடும்பத்தோட சிறுமலைக்கு டூர் போனார். துப்பாக்கிப் பயிற்சிக்காகப் போறோம்னு கிண்டலா எழுதி, படங்களை ஃபேஸ்புக்ல போட்டார். போலீஸ் அதை அப்படியே நம்பிடுச்சு! அரசுக்கு எதிரா போர் தொடுக்க ஆயுதம் சேர்க்கிற 122 உட்பட, இந்திய தண்டனைச் சட்டத்துல நாலு பிரிவு. அடையாளத்தை மறைச்சு மிரட்டுறவருக்கான 507-ம் அதுல உண்டு. அவர் பதிவு போட்டது சொந்தப் பக்கத்துல!

நல்லவேளையா மாஜிஸ்திரேட் ரிமாண்ட் பண்ண மறுத்துட்டார். அந்த டிசம்பர்ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தார். சிரிக்கிறதையும் அடிப்படைக் கடமையாக்கலாமேங்கிற கற்பனையோட தீர்ப்பைத் தொடங்கினார். வேடிக்கையா பேசுற உரிமை கருத்துச் சுதந்திரத்துலயே இருக்குன்னார்.

இது புதுசில்ல. 1987-ல ஆனந்த விகடன் அட்டையில எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டலடிச்சு ஒரு ஜோக். சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூணு மாசக் கடுங்காவல் விதிச்சது. எதிர்ப்பு கிளம்பினதும் ரெண்டே நாள்ல விடுதலை. பின்னாடி உயர்நீதிமன்றம் அவருக்கு அடையாளமா 1000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

ரெண்டு வழக்குலயும் சிரிப்புதான் ஜெயிச்சது. ஆனா பாலசுப்ரமணியன் பின்னாடி ஒரு பெரிய பத்திரிகை இருந்தது. உங்க பின்னாடி, என் பின்னாடி யார் இருக்கா?

காலேஜ்ல நான் ஒரு பகடி அக்கவுண்ட் வச்சிருந்தேன். ஹாஸ்டல் சாம்பாரே ட்வீட் போடுற மாதிரி. "கேஸ் வந்தா யாருடா கோர்ட்டுக்கு அலையுறது?"ன்னு அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். அன்னைக்கு ராத்திரியே அழிச்சிட்டேன். கேஸ் எதுவும் வரலை. வராத கேஸுக்குத் தீர்ப்பும் வராது, இல்லையா? இப்படி அழிஞ்ச ஜோக்கெல்லாம் எந்தக் கணக்குலயும் இல்லை.

நீங்க டைப் பண்ணிட்டு அழிச்ச ஜோக் எது? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!