பாவசங்கீர்த்தனத்தின் மூன்று படிகளும் எங்கட கரையும்

மதுரங்குளி, கொழும்பு–புத்தளம் ஏ-3 வீதியில கிடக்கிற சின்ன டவுன். மேற்கே களப்பு. களப்புக்கு அங்கால கற்பிட்டித் தீபகற்பம், அதில தலவில அன்னம்மாள் கோயில். தெற்கால போனா உடப்பு, முன்னேஸ்வரம், சிலாபம், வென்னப்புவ, பிறகு நீர்கொழும்பு. பள்ளிவாசல், கோவில், தேவாலயம், விகாரை நாலையும் ஒரே பஸ்ஸில இருந்து பார்த்துக்கொண்டு போகலாம். இந்த வீதியில 2019க்குப் பிறகு "மன்னிப்பு" என்ற சொல் ரொம்ப மலிவாகப் போய்விட்டது. அரசியல்வாதி கேட்கிறார், ஆயர் தருகிறார், தொலைக்காட்சி காட்டுகிறது. இந்தச் சொல்லுக்குக் கிறிஸ்தவ மரபு வைத்திருக்கும் கணக்கு என்ன, அது எங்கட கரைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று தேடினோம். தேடினதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் "பலி" என்ற சொல். முன்னேஸ்வரத்தில் பத்ரகாளி அம்மனுக்கு ஆடு, கோழி பலி கொடுப்பதை 2011 செப்டம்பரில் அப்போதைய அமைச்சர் மேர்வின் சில்வா வந்து தடுத்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நாங்கள் குர்பான் என்கிறோம். கத்தோலிக்கர் ஞாயிறு பூசையையே திருப்பலி என்கிறார்கள். குண்டு வெடித்தால் பத்திரிகை "இத்தனை பேர் பலி" என்று தலைப்புப் போடுகிறது. கிறிஸ்தவப் போதனையில் பலி என்பது இயேசு சிலுவையில் ஒரே ஒரு தடவை தன் விருப்பத்தோடு தன்னைக் கொடுத்தது. அதற்குப் பிறகு வேறு இரத்தம் தேவையில்லை என்பது அதன் அடிப்படை. பூசை அந்த ஒரு பலியின் நினைவும் பிரசன்னமும். அப்படிப் பார்த்தால் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயத்தில் செத்தவர்களைப் "பலி" என்று எழுதுவது பெரிய அநியாயம். அவர்கள் எதையும் கொடுக்கவில்லை, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது.

மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு கட்டளை வருகிறது. காணிக்கையோடு பீடத்துக்கு வந்த பிறகு, உன் மேல் யாருக்காவது மனக்குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போய் அவரோடு சமாதானமாகி விட்டு வா என்கிறது. ஆக, பலியை விட ஒப்புரவுதான் முந்தியது. லூக்காவின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் வரும் சக்கேயு என்ற வரி வசூலிப்பவர், தான் ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்கிறார். வெறும் "சொறி" சொல்லிவிட்டுப் போகவில்லை.

இந்த இரண்டையும் சட்டமாக்கியது திரெந்து சங்கம். 1551இல் அது பாவசங்கீர்த்தனத்துக்கு மூன்று செயல்களை வரையறுத்தது: செய்த பாவத்துக்கு உள்ளம் நோவது, அதைக் குருவிடம் வாய்விட்டுச் சொல்வது, அதற்குப் பரிகாரம் செய்வது. முதலாவதைத் தமிழ்க் கத்தோலிக்கர் "மனஸ்தாபம்" என்பார்கள். எங்கட பேச்சில் மனஸ்தாபம் என்றால் இரண்டு பேருக்கிடையில் வரும் மனக்கசப்பு. அவர்களுக்கு அது தன்னோடு தானே கசந்துகொள்வது. அந்த வித்தியாசம் எங்களுக்குப் பிடித்திருந்தது.

சங்கம் கூடி முப்பது வருஷத்துக்குள் இந்த விஷயம் தமிழில் அச்சாகிவிட்டது. முத்துக்குளித்துறையில் வேலை செய்த போர்த்துக்கேய யேசு சபைக் குரு அன்றீக்கே அன்றீக்கஸ் 1578இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சிட்டது பாடப்புத்தகத்திலேயே வருகிறது. ஆனால் 1580இல் கொச்சியில் அவர் அச்சிட்ட "கொம்பெசியொனாயரு"வைப் பற்றி யாரும் பெரிசாகப் பேசுவதில்லை. அது முழுக்கப் பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. இந்திய மொழிகளில் தமிழ்தான் தன் சொந்த எழுத்தில் முதலில் அச்சேறியது என்று பெருமைப்படுகிறோம். அந்தத் தொடக்க நூல்களில் ஒன்று, செய்த தப்பை எப்படி ஒத்துக்கொள்வது என்று சொல்லித்தரும் புத்தகம்!

அதன் அவசியம் லேசாகப் புரியும். பிரான்சிஸ் சவேரியார் காலத்துக் குருமார் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டுதான் மீனவ மக்களோடு பேசினார்கள். பாவத்தைச் சொல்லும் இடத்தில் மூன்றாவது காது இருந்தால் யார் உண்மையைச் சொல்லுவார்? அன்றீக்கஸ் தமிழைப் படித்ததற்கு இலக்கிய ஆசை காரணமில்லை. பேசுகிற ஆளின் சொந்தப் பாஷையில்தான் குற்றம் வெளியில் வரும் என்பதுதான் விஷயம்.

மன்னாரும் யாழ்ப்பாணமும் 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனபோது கத்தோலிக்கக் குருமார் விரட்டப்பட்டார்கள். கற்பிட்டியிலும் ஒல்லாந்தர் கோட்டை எழும்பியது. குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை. 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வரும்வரை, ஏறக்குறைய 29 வருஷம். பூசை இல்லை, பாவம் கேட்க ஆள் இல்லை. குருவே கிடைக்காத இடத்தில், சங்கீர்த்தனம் செய்ய ஆசையும் கடவுள் மேலுள்ள அன்பால் வரும் துக்கமும் இருந்தால் போதும் என்று திரெந்து சங்கம் ஒரு வழி விட்டிருந்தது. அதற்குப் பேர் உத்தம மனஸ்தாபம். தண்டனைக்குப் பயந்து வரும் துக்கத்தை அந்தக் கணக்கு இரண்டாந்தரமாகத்தான் வைக்கிறது.

வாஸ் 1690 அளவில் புத்தளத்துக்கு வந்தார். காரணம் அரசியல்: கற்பிட்டி ஒல்லாந்தரிடம், புத்தளம் கண்டி அரசரிடம். அங்கிருந்து 1692இல் கண்டிக்குப் போய், உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டு, பிறகு அரசரின் நம்பிக்கையைப் பெற்று, 1711 ஜனவரி 16இல் அங்கேயே இறந்தார். அவருக்குப் பின்னால் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் பாதிரியார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர். 1742இல் இறந்து அடக்கமானது போலவத்தையில், அதாவது எங்கட மாவட்டத்தின் தெற்கு மூலையில். அவருடைய "வியாகுலப் பிரசங்கம்" ஒன்பது பிரசங்கங்கள். இயேசுவின் பாடுகளை ஒப்பாரியின் சாயலில் சொல்வது. தவக்காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இன்றும் இராகம் போட்டு வாசிக்கிறார்கள். கேட்பவரை அழவைத்து, அந்த அழுகையிலிருந்து மனஸ்தாபத்துக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பலியின் கதையைக் கேட்டு அழுகிறவர், அடுத்து "யார் கொன்றது?" என்று கேட்பார். பல நூற்றாண்டாக ஐரோப்பா "யூதர்" என்று பதில் சொன்னது. பெரிய வெள்ளி வந்தால் யூதக் குடியிருப்புகளில் கல் விழுந்தது. 1566இல் வந்த உரோமைத் திருச்சபையின் ஞானோபதேச நூலே, பாவம் செய்யும் கிறிஸ்தவரின் குற்றம் யூதருடையதை விடப் பெரிது என்று எழுதி வைத்திருந்தும் அது நிற்கவில்லை. அன்று வாழ்ந்த எல்லா யூதர் மேலும், இன்றைய யூதர் மேலும் அந்தப் பழியைப் போட முடியாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965 அக்டோபர் 28இல். நானூறு வருஷம் பிந்தித்தான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். 260க்கும் அதிகமானோர் செத்தார்கள். கட்டுவாப்பிட்டியில் மாத்திரம் நூற்றுக்கு மேல். கர்தினால் மெல்கம் ரஞ்சித் பழிவாங்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனா மே 12இல் சிலாபத்தில் தொடங்கினது குருநாகல், மினுவாங்கொடை என்று பரவி, மே 13இல் எங்கட மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தச்சுத் தொழிலாளியை வெட்டிக் கொன்றது. கும்பல் கேட்டதும் அதே கேள்விதான், சொன்ன பதிலும் அதே மாதிரித்தான்.

2020 உயிர்த்த ஞாயிறு மறையுரையில், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார் கர்தினால். அதற்குப் பிறகும் நீதி கேட்பதை அவர் விடவில்லை, சத்தம் கூடியது. சிலர் இதை முரண்பாடு என்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. மன்னிப்பது பாதிக்கப்பட்டவர் செய்யும் வேலை. மனஸ்தாபமும் அறிக்கையும் பரிகாரமும் செய்தவர் செய்ய வேண்டிய வேலை. ஒன்று முடிந்தால் மற்றது தள்ளுபடி ஆகாது.

2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முன்னாள் பொலிஸ் மா அதிபருக்கும் அரச புலனாய்வுத் தலைவருக்கும் தலா 75 மில்லியன். மாதம் முடிவதற்குள் சிறிசேன, வேறு யாரோ செய்ததற்காகத் தான் கத்தோலிக்கரிடம் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். திருச்சபை ஏற்கவில்லை. திரெந்துக் கணக்கின்படி பார்த்தாலும் அது தேறாது: அடுத்தவன் பாவத்தைச் சங்கீர்த்தனம் செய்ய முடியாது. அவருடைய சொந்தத் தவறு என்னவென்று தீர்ப்பு எழுதியிருந்தது, அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2015 ஜனவரி 14இல் யோசேப்பு வாஸைப் புனிதராக்கப் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலுக்கு வந்தபோது நாட்டை ஆண்டவரும் இதே சிறிசேனதான். அன்று பின்னேரம் மடுவில் பாப்பரசர் மனஸ்தாபம், மன்னிப்பு, பரிகாரம் மூன்றையும் சேர்த்தே பேசினார்.

எங்கட பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களை விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். பெரும்பகுதி வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. மன்னாரிலிருந்து பலர் வள்ளத்தில் கற்பிட்டியில் இறங்கினார்கள். 2002 ஏப்ரல் 10 கிளிநொச்சி ஊடகச் சந்திப்பில் புலிகள் தரப்பு வருத்தம் சொன்னது. மூன்று படியில் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். 2009இல் அந்த இயக்கமே இல்லாமல் போனது. 2011இல் பிரஜைகள் ஆணைக்குழு இந்த வெளியேற்றத்தைப் பற்றி வெளியிட்ட ஆங்கில அறிக்கையின் தலைப்பிலேயே மீட்பு என்ற கிறிஸ்தவச் சொல் இருக்கிறது. இனிப் பரிகாரம் யார் செய்வது?

இதில் "ஆள் இல்லை" என்று முடிக்க முடியாதபடி ஒரு விஷயம் குறுக்கே வருகிறது. 2000 மார்ச் 12இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், திருச்சபையின் பிள்ளைகள் முன்னைய நூற்றாண்டுகளில் செய்த பாவங்களுக்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் அவற்றைச் செய்தவரில்லை. ஆனா செய்த நிறுவனத்தின் பேரையும் சொத்தையும் மரியாதையையும் வாரிசாக வைத்திருப்பவர். சிறிசேன "யாரோ" என்றார், அருளப்பர் சின்னப்பர் "எங்கள் பிள்ளைகள்" என்றார். 1626இல் கத்தோலிக்கப் போர்த்துக்கேய அரசு தன் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியதும், கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஏறக்குறைய 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றியதும் இந்த நாட்டுச் சரித்திரம். அருளப்பர் சின்னப்பரின் மன்றாட்டு மற்ற மதத்தவருக்குச் செய்த தீங்குகளைப் பொதுவாகத்தான் தொட்டது. இலங்கையின் பேர் அதில் இல்லை.