கட்டடங்களை மறந்த கணக்கு: நகரக் காற்றின் ஒரு சிறு வரலாறு



2022 டிசம்பர் 9ஆம் திகதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை. நாடு முழுவதும் பாடசாலைகளை மூடினார்கள். மழைக்கல்ல, வெள்ளத்துக்கல்ல, காற்று கெட்டுப்போனதற்காக. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் சூறாவளி. இந்தியப் பக்கமிருந்து வந்த தூசும் புகையும் எங்கள் வானத்தில். ஜும்ஆவுக்குப் போகும்போது கொரோனாக் காலத்து முகக்கவசத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டோம்.

பாடசாலை மீண்டும் தொடங்கியபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், காற்றைப் பற்றி அறிவிச்சது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமாம். கட்டடம் பார்க்கிற ஆக்களுக்கு காத்துல என்ன வேலை?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த நிறுவனத்தில் வளியின் தரத்தை அளக்கும் பிரிவும் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. உண்மையிலேயே கட்டடத்துக்கும் காற்றுக்கும் என்ன தொடர்பு? தேடிப் படித்தபோது அதற்கு இருநூறு வருட வரலாறு இருப்பது தெரிந்தது. பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

லண்டனில் லூக் ஹோவார்ட் என்று ஒருவர் இருந்தார். மருந்து இரசாயனங்கள் தயாரிப்பது அவருடைய தொழில். வானத்தைப் பார்ப்பது பொழுதுபோக்கு. முகில்களுக்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் பெயர்களுக்கு அடித்தளம் போட்டவர் அவர்தான். லண்டன் நகரத்துக்குள் எடுத்த வெப்பநிலையையும் நகருக்கு வெளியே எடுத்த வெப்பநிலையையும் வருடக்கணக்காக ஒப்பிட்டு, 'லண்டனின் காலநிலை' என்ற நூலை 1818இலும் 1820இலும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். இரவில் நகரம் வெளியூரைவிட 3.70 பாகை பரனைற்று, அதாவது சுமார் 2 பாகை செல்சியஸ், கூடுதலாகச் சூடாக இருக்கிறது என்றார். பகலிலோ நகரம் மிகச் சிறிதளவு குளிர்ச்சி.

காரணங்களையும் அவரே சொன்னார்: வீடுகளில் எரியும் நெருப்பு, சன நெருக்கம், வெப்பத்தை ஒன்றுக்கொன்று திருப்பி அனுப்பும் சுவர்கள், ஈரமில்லாத நிலம். இன்று 'நகர வெப்பத்தீவு' என்று நாங்கள் வகுப்பில் படிப்பிக்கும் விடயத்தின் முதல் ஒழுங்கான பதிவு அதுதான்.

அதே லண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை காற்று அசையவில்லை. நிலத்துக்கு அருகே குளிர்ந்த காற்று. அதற்கு மேலே சூடான காற்று ஒரு மூடிபோல். நிலக்கரிப் புகை மூடியின் கீழ் அடைபட்டது. சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பிந்திய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956இல் தூய வளிச் சட்டம் வந்தது. ஒரு நகரத்தின் காற்று நாளைக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம் என்பதை உலகம் அங்கேதான் கற்றது.

முன்கூட்டித் தெரிய வேண்டுமென்றால் கணக்குப் பார்க்க வேண்டும். வானிலையைக் கணித முறையில் கணக்கிடும் வழியை லூயிஸ் ஃப்ரை ரிச்சட்சன் 1922இலேயே எழுதிவிட்டார். 1950இல் அமெரிக்காவின் எனியாக் கணினி முதல் கணிப்பைச் செய்தது. வானத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்குப் போடுவது அந்த முறை. அப்போது ஒரு கட்டத்தின் அகலம் 700 கிலோமீற்றருக்கும் மேல். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திர முனை வரை எங்கள் நாடு முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதில் நகரம் எங்கே, தெரு எங்கே?

கட்டங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. ஆனாலும் நீண்ட காலம் நகரம் என்பது கணினிக்கு ஒரு கரடுமுரடான தட்டை நிலம் மட்டுமே. வயலைவிடக் கொஞ்சம் உராய்வு கூட, ஈரம் குறைவு. அவ்வளவுதான். சுவர் இல்லை, கூரை இல்லை, ஒழுங்கை இல்லை.

இதனால் என்ன பிழை வந்தது? இரவை எடுத்துக்கொள்வோம். திறந்த வயல்வெளி, மஃரிபுக்குப் பிறகு வெப்பத்தை நேரே வானத்துக்கு விட்டுவிட்டு விரைவாகக் குளிர்கிறது. அதன்மேல் உள்ள காற்றும் குளிர்ந்து கனத்து, அசையாமல் படிகிறது. புகை வந்தால் அதற்குள்ளேயே கிடக்கும். நகரத்தில் அப்படியல்ல. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த சுவருக்கு எதிரே வானம் இல்லை, இன்னொரு சுவர்தான் இருக்கிறது. வெப்பம் சுவருக்குச் சுவர் போய் வந்து மெதுவாகவே வெளியேறுகிறது. அந்தச் சூடு இரவிலும் காற்றைக் கிளறி, புகையை மேலே பரத்துகிறது. கட்டடம் இல்லாத கணக்கு நகரத்தின் இரவையும் வயலின் இரவாக நினைத்துக்கொண்டது. இரவு வெப்பநிலையும் பிழைத்தது. நிலத்தருகே எவ்வளவு புகை என்பதும் பிழைத்தது.

மறுபக்கமும் உண்டு. கட்டடங்கள் காற்றின் வேகத்தைத் தடுக்கின்றன. ஒடுங்கிய தெருவில் வாகனப் புகை வெளியேற வழியின்றித் தங்கும். ஆக, ஒரே கட்டடம் புகையை மேலே பரத்தவும் உதவுகிறது, கீழே அடைத்துவைக்கவும் செய்கிறது. எது வெல்லும் என்பது ஊரையும் நேரத்தையும் பொறுத்தது. ஊகத்தால் சொல்ல முடியாது.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் கனடாவின் வன்கூவரில் பேராசிரியராக இருந்த ரிம் ஓக். 1977இல் அவரும் மனுவேல் நூனெஸ் என்பவரும், வன்கூவரில் ஒரு சாதாரண ஒழுங்கையின் இரண்டு சுவர்களுக்கும் தரைக்கும் எவ்வளவு வெப்பம் வந்து போகிறது என்று அளந்து வெளியிட்டார்கள். 1981இல் ஓக் சிறிய மாதிரித் தெருக்களைச் செய்து பரிசோதித்து, தெருவின் அகலத்தோடு ஒப்பிடக் கட்டடத்தின் உயரம் கூடக்கூட இரவு வெப்பமும் கூடுகிறது என்று காட்டினார்.

இருபது வருடங்கள் கழித்து அந்த ஒழுங்கை கணினிக்குள் நுழைந்தது. 2000இல் பிரான்ஸின் வலெரி மசோன் நகரத்தைக் கூரை, சுவர், வீதி என்று மூன்றாகப் பிரித்து வெப்பக் கணக்குப் போடும் முறையை வெளியிட்டார். 2001இல் ஜப்பானின் குசாக்கா குழுவினர் இதைப் போன்ற இன்னொரு முறையைத் தந்தார்கள். 2002இல் அல்பேர்ட்டோ மார்ட்டில்லியும் சகாக்களும் கட்டடத்தை மாடி மாடியாகப் பிரித்து, ஒவ்வோர் உயரத்திலும் அது காற்றை எப்படித் தடுக்கிறது, எப்படிச் சூடாக்குகிறது என்று கணக்கில் சேர்த்தார்கள்.

அடுத்த வருடமே மார்ட்டில்லி அதை ஏதென்ஸ் நகரத்தின் வளி மாசடைதலுக்குப் பிரயோகித்தார். ஏதென்ஸ் கடலோரத்து ஊர், சுற்றிலும் மலை, கடற்காற்று வந்து போகும் இடம். கட்டடங்களைச் சேர்த்தும் சேர்க்காமலும் கணக்கிட்டபோது, மாசு எவ்வளவு கலக்கிறது, எங்கே போகிறது என்ற விடையே மாறியது. நகரத்துக்குள் மட்டுமல்ல, சுற்றுப்புறத்திலும்தான். ஓசோனை எடுத்துக்கொள்ளுங்கள். வாகனப் புகையில் வெயில் பட்டு நிலத்தருகே உருவாகும் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதி. நெரிசலான வீதியில் புதிதாக வெளியேறும் புகை அந்த ஓசோனைத் தின்றுவிடும். ஆனால் காற்றோடு வெளியூருக்குப் போன பிறகு அது பெருகும். ஆகவே நகரத்தின் சுவரைக் கணக்கில் விட்டால், வாகனம் அதிகமில்லாத பக்கத்துக் கிராமத்து மக்கள் சுவாசிக்கும் காற்றின் கணக்கும் பிழைக்கும்.

பின்னர் குளிரூட்டிகளும் கணக்கில் சேர்ந்தன. அறைக்குள்ளிருந்து எடுக்கும் வெப்பத்தை அவை தெருவில்தானே கொட்டுகின்றன? அமெரிக்காவின் பாலைவன நகரமான ஃபீனிக்ஸ் பற்றி 2014இல் வந்த ஆய்வு, குளிரூட்டிகள் வெளியேற்றும் வெப்பம் சில இடங்களில் இரவு வெப்பநிலையை 1 பாகை செல்சியசுக்கும் மேல் கூட்டுவதாகக் கணக்கிட்டது. ஒருவரின் குளிர்ச்சி, பக்கத்து வீட்டுக்காரரின் வெக்கை.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. சூ கிரிமண்ட் தலைமையில் முப்பதுக்கும் மேற்பட்ட கணிப்பு முறைகளை ஒரே அளவீட்டோடு வைத்து ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2010, 2011இல் வந்தன. எல்லா விடயத்திலும் முதலிடம் பெற்ற முறை எதுவும் இல்லை. சிக்கலான முறைகள் எளியவற்றைவிடக் கட்டாயம் சிறந்தவையாகவும் இருக்கவில்லை. ஆனால் மரஞ்செடிகளைக் கணக்கில் விட்டவை தடுமாறின. முதலில் கட்டடத்தை மறந்தார்கள். கட்டடத்தைச் சேர்த்தபோது சிலர் மரத்தை மறந்தார்கள்.

இனி எங்களுக்கு வருவோம். கொழும்பின் வெப்பத்தை ஆராய்ந்தவர்களில் முன்னோடி, மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் ரொஹின்டன் இம்மானுவேல். சுவீடனின் எரிக் ஜொஹான்சனுடன் சேர்ந்து 2006இல் அவர் வெளியிட்ட ஆய்வு, கொழும்புக்கு இரண்டு விடயங்கள் வேண்டும் என்றது: பகலில் தெருவுக்கு நிழல், கடற்காற்று உள்ளே வர வழி. மொரோக்கோவின் பெஸ் நகரத்துப் பழைய ஒடுங்கிய தெருக்களையும் ஜொஹான்சன் அளந்திருக்கிறார். கோடைப் பகலின் உச்ச வெப்பத்தில் அவை புதிய அகன்ற வீதிகளைவிடச் சராசரியாக 6 பாகை குளிர்ச்சி. எங்கள் முன்னோர் நிழலை அறிந்துதான் கட்டினார்கள். ஆனால் பெஸ் வறண்ட ஊர். புழுக்கமான எங்கள் கரையோரத்துக்கு நிழல் மட்டும் போதாது, காற்றும் ஓட வேண்டும்.

எங்கள் ஊரைப் பாருங்கள். மதிலோடு மதில், கூரையோடு கூரை. வாப்பாவின் வளவு மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்து மூன்று மாடி வீடாகியிருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை. நிலம் இல்லை, கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் கடற்கரையை நோக்கிய ஒழுங்கைகளை நாங்களே மதில் கட்டி மூடுகிறோம். முற்றத்து வேம்பைத் தறித்துச் சீமெந்து போடுகிறோம். பிறகு இஷாவுக்குப் பிறகும் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்கிறோம். கைத்தொலைபேசி காட்டும் வெப்பநிலை எங்கள் ஒழுங்கையின் வெப்பநிலை அல்ல. எங்கள் சுவர்கள் ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில் இல்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணையில் மாணவர்களோடு ஒரு சிறு வேலை செய்யப் போகிறேன். ஒரே வகை வெப்பமானிகளை, இரவு ஒன்பது மணிக்கு, கடற்கரையிலும், பள்ளிவாசல் மரத்தடியிலும், நெருக்கமான ஓர் ஒழுங்கையிலும் வைத்து ஒரு மாதம் அளப்போம். ஹோவார்ட் செய்ததும் அடிப்படையில் இதுதான். உங்கள் ஒழுங்கையில் வெப்பமானி வைக்க இடம் தருவீர்களானால் கீழே எழுதுங்கள். கேள்வி கேட்ட அந்த மாணவனிடம்தான் பதிவுப் புத்தகத்தைக் கொடுக்கப் போகிறேன்.