விளக்கும் நீலப் பிளாஸ்திரியும்: உணவு ஆலைக் கண்காணிப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு என்னென்ன வேலை வரும் என்று சொல்ல முடியாது. தூத்துக்குடிப் பக்கம் இறால் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஆலை ஒன்றுக்கு அறிவிப்புப் பலகை எழுதித் தரும்படி நண்பர் மூலம் என்னைக் கூப்பிட்டார்கள். பெல்ட்டின் கடைசியில் ஒரு மெட்டல் டிடெக்டர். அதன் தலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடுக்கிய விளக்குக் கம்பம். எது எரிந்தால் என்ன பொருள் என்று மூன்று வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். மூன்று நாள் ஆயிற்று. 'ரிஜெக்டட்' என்ற சொல்லில் சிக்கிக்கொண்டேன். 'நிராகரிக்கப்பட்டது' வேலை விண்ணப்பத்துக்குச் சரி, இறாலுக்குப் பொருந்தவில்லை. 'கழிவு' என்றால் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஒப்பவில்லை. மறுபடி சோதித்த பிறகுதான் கழிவாம். 'ஒதுக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு எனக்கே கை கூசியது. யாரையெல்லாம் ஒதுக்கிவைத்த மொழி இது! பெல்ட்டில் நின்ற அக்கா ஒருவர், "அதுவா? தள்ளுனது தம்பி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

இந்தச் சொற்களுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1906-இல் அப்டன் சின்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவல் புத்தகமாக வந்தது. சிகாகோ இறைச்சி ஆலைகளில் லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்த கூலிகள் எப்படி அரைபட்டார்கள் என்பதுதான் கதை. படித்த நடுத்தர வர்க்கமோ தன் தட்டைப் பார்த்துப் பதறியது, கூலியைப் பார்க்கவில்லை. சின்க்ளேரே இதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். அதே வருடம் ஜூன் 30-ஆம் தேதி தியோடர் ரூஸ்வெல்ட் இறைச்சி ஆய்வுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தின்கிறவனுக்கு ஒரு சட்டம் கிடைத்தது, அறுக்கிறவனுக்குக் கிடைக்கவில்லை.

அன்றைய ஆய்வாளரின் கருவிகள் கண், மூக்கு, விரல், ஒரு கத்தி. தீர்ப்பை மை முத்திரையாலும் சீட்டாலும் சொன்னார். தேறிய உடலுக்கு 'பாஸ்ட்' முத்திரை. சந்தேகமானால் 'ரீட்டெயிண்ட்' சீட்டு, அதாவது நிறுத்தி வை. ஆகாது என்றால் 'கண்டெம்ண்ட்'. தூக்குத் தண்டனைக் கைதிக்கு ஆங்கிலத்தில் உள்ள அதே சொல். பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றின் இலக்கணமும் விளக்கு வருவதற்கு முன்பே இங்கே முழுதாக இருக்கிறது. ஒரு வித்தியாசம்: சீட்டைத் தொங்கவிட்டவர் ஒரு மனிதர். அவரோடு சண்டை போடலாம், லஞ்சமும் கொடுக்கலாம்.

வர்ணம் வந்தது ரயிலிலிருந்து. 19-ஆம் நூற்றாண்டு ரயில்பாதைகளில் சிவப்பு ஆபத்து, பச்சை எச்சரிக்கை, வெள்ளைதான் 'போகலாம்'. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளே எரியும் விளக்கு வெள்ளையாகத் தெரியும். ஆபத்து 'போகலாம்' ஆகிவிடும். அதனால் வெள்ளையை எடுத்துவிட்டுப் பச்சையை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள், எச்சரிக்கைக்கு மஞ்சள் வந்தது. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இயற்கையான உறவில்லை என்பதை நாம் சசூரைப் படித்துத் தெரிந்துகொண்டோம். ரயில்வேக்காரர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. (சிவப்பு என்றதும் நம் தோழர்களுக்குக் கொடி ஞாபகம் வரும். எந்திரத்தின் சிவப்புக்கும் வேலையை நிறுத்தத் தெரியும்.)

கண்ணிலிருந்து எந்திரத்துக்கு வந்த வழியில் விண்வெளி குறுக்கிடுகிறது. 1959 வாக்கில் பில்ஸ்பரி நிறுவனம் நாசாவுக்காக விண்வெளி வீரர்களின் உணவைத் தயாரிக்க இறங்கியது. செய்து முடித்த பண்டத்தைப் பிரித்துச் சோதித்துக்கொண்டே போனால் தின்ன மிஞ்சாது. எனவே, தப்பு எந்தக் கட்டத்தில் நுழையும் என்று கண்டு அந்தக் கட்டத்தைக் காவல் காப்பது என்று முடிவானது. 'ஹாசப்' என்று இதற்குச் சுருக்கப் பெயர். 1996-இல் அமெரிக்க இறைச்சி ஆலைகளுக்கு இது விதியானபோது, முகர்ந்தும் அழுத்தியும் பார்த்துப் பழகிய ஆய்வாளர்கள் பதிவேடு பார்க்க வேண்டியவர்களானார்கள். அந்த எழுத்துகளுக்கு அவர்கள் தங்களுக்குள் வேறு விரிவு வைத்துக்கொண்டார்கள்: ஒரு காபி குடி, சாமியைக் கும்பிடு.

நம் கடற்கரைக்கு இது 1997-இல் வந்தது. அந்த ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவு இறக்குமதியை நிறுத்தியது. டிசம்பரில் அமெரிக்காவின் கடலுணவு ஹாசப் விதி அமலுக்கு வந்தது. ஓடு பதித்த சுவர், கால் முக்கும் குளோரின் தொட்டி, எந்திரச் சோதனை எல்லாவற்றுக்கும் அவசரம் வந்தது. பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம், அமெரிக்காவின் கதையும் இதுதான். ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கப் பன்றியிறைச்சியில் புழு என்று கதவை அடைத்த பிறகு, 1891-இல் ஏற்றுமதி இறைச்சிக்கு நுண்ணோக்கிச் சோதனை வந்தது. அரசின் கண் முதலில் திறந்தது அந்நிய வியாபாரிக்காக.

ஐரோப்பா சொன்ன குற்றம் கிருமி. விளக்கு எரிவதோ உலோகத்துக்கு. டிடெக்டருக்குள் மூன்று கம்பிச் சுருள்கள். நடுவில் உள்ளது மின்காந்தப் புலத்தை அனுப்பும், இருபுறமும் உள்ளவை வாங்கும். உலோகம் நுழைந்தால் சமநிலை குலையும், சிவப்பு எரியும். உப்பும் ஈரமும் உள்ள இறாலே ஓரளவு மின்சாரம் கடத்துவதால், அதை உலோகமென்று நினைக்காதே என்று எந்திரத்துக்குப் பழக்க வேண்டும். இன்ன அளவுக்குக் கீழே பார்க்காதே என்று வரம்பு வைக்க வேண்டும். இரும்பைச் சுலபமாகப் பிடிக்கும், துருப்பிடிக்காத எஃகைப் பிடிப்பது சிரமம். மெல்லிய கம்பித் துண்டு ஒரு வாக்கில் கிடந்தால் தப்பிப் போகும். ஆக, பச்சை என்றால் 'நாங்கள் வைத்த வரம்புக்கு மேல் உலோகம் அகப்படவில்லை' என்று மட்டும் பொருள். என்னை எழுதச் சொன்னது 'பாதுகாப்பானது' என்று. சால்மொனெல்லாவைத் தேட ஆய்வகத்தில் நாள்கணக்கில் வளர்த்துப் பார்க்க வேண்டும். பெல்ட் வேகத்துக்கு அதற்கு விளக்கு கிடையாது.

இன்னொரு வேடிக்கை. இந்த விளக்குக் கம்பமே சந்தேகத்துக்கு உரியது. அடுக்கு இடுக்குகளில் தண்ணீரும் சதைத்துணுக்கும் தங்கினால் அங்கே கிருமி குடியேறும். கண்ணாடியாக இருந்து உடைந்தால் அதுவே கலப்படம். எனவே உணவு ஆலைக்கென்று இடுக்கில்லாத, வழவழப்பான பிளாஸ்டிக் விளக்குகள் வந்தன. 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் கிட்டத்தில் நின்று பீய்ச்சினாலும் உள்ளே நீர் புகக் கூடாது என்று ஐ.பி. 69கே சோதனை. தூய்மையைச் சொல்லும் குறியை முதலில் தூய்மைப்படுத்த வேண்டும். அழுக்கு என்பது இடம் மாறிய பொருள் என்று மேரி டக்ளஸ் 1966-இல் எழுதினார். தீட்டு என்ற ஏற்பாட்டுக்குள் பிறந்தவர்களுக்கு இது புது விஷயமல்ல. யார் இடம் மாறினால் அழுக்கு என்று நமக்கு முன்பே தெரியும்.

ஃபூக்கோவை இங்கே இழுப்பது சுலபம், ஆனால் முழுக்கப் பொருந்தவில்லை. விளக்கை எல்லோரும் பார்க்கிறார்கள். எந்திரம் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. டொயோட்டா ஆலையில் இதே மாதிரி விளக்குக்கு 'ஆந்தோன்' என்று பெயர், ஜப்பானியக் காகித விளக்கு. அங்கே கயிற்றை இழுத்து விளக்கைப் போடுகிறவர் தொழிலாளி, ஏட்டளவிலாவது. இங்கே அக்கா சொன்னார்: "சிவப்பு எரிஞ்சா ரெண்டு நிமிசம் கை ஓயும் தம்பி. ஆனா அடிக்கடி எரிஞ்சா சூப்பர்வைசர் வாயில விழணும்." எந்திரம் நிறுத்தினால்தான் அவர் கை நிற்கும்; அவராக நிறுத்த அங்கே கயிறு இல்லை.

தினசரி ஆய்வு நடக்கும் இடத்தில் தொழிலாளிக்கும் பாதுகாப்பு இருக்கும் என்று நினைப்போம். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹாம்லெட் என்ற ஊர்க் கோழியிறைச்சி ஆலையில் 1991 செப்டம்பர் 3-ஆம் தேதி தீப்பிடித்தது. பொரிக்கும் எண்ணெய்த் தொட்டி அருகே ஹைட்ராலிக் குழாய் பிய்த்துக்கொண்டது. கதவுகள் பூட்டியிருந்தன. 25 பேர் செத்தார்கள். கோழி திருடு போகாமலிருக்க ஒரு பூட்டு, ஈ வராமலிருக்க ஒரு பூட்டு. கோழியைப் பார்க்க மத்திய அரசின் ஆய்வாளர் தினமும் வந்துகொண்டிருந்த ஆலை அது. தொழிலாளர் பாதுகாப்புக்கு 11 வருடத்தில் ஒரு ஆய்வுகூட நடந்ததில்லை.

நான் பலகையை எழுதிக் கொடுத்தேன். பச்சைக்கு 'உலோகம் இல்லை', மஞ்சளுக்கு 'கவனி', சிவப்புக்கு 'தள்ளியது'. 'தள்ளியது' கொச்சை என்று வெட்டி 'நிராகரிக்கப்பட்டது' என்று மாற்றிவிட்டார்கள்.

அன்று அக்காவின் விரலில் நீல நிறப் பிளாஸ்திரி இருந்தது. ஓடு கிழித்த இடம். ஐஸில் ஊறி ஆறவில்லை. நீலம் எதற்கென்றால், நீல நிறத்தில் தின்பண்டம் அபூர்வம், விழுந்தால் கண்ணில் படும். அதற்குள் மெல்லிய உலோகத் தகடும் உண்டு. விரலிலிருந்து கழன்று இறாலோடு போனால் டிடெக்டரில் சிவப்பு எரியும். விரலில் இருக்கும்வரை அந்தக் காயத்துக்கு எந்த விளக்கும் இல்லை. பிளாஸ்திரிகளுக்கு ஒரு பதிவேடு போட்டிருக்கிறார்கள்: காலையில் எத்தனை கொடுத்தது, சாயங்காலம் எத்தனை திரும்பியது என்று இரண்டு கட்டம். காயம் எப்படி வந்தது என்பதற்குக் கட்டம் போடவில்லை.