இங்கே குடியிருந்தார்கள்

நினைவுச் சின்னம் என்றதும் மேடையும் சிலையும்தான் நமக்கு ஞாபகம் வரும். அண்ணாந்தே பார்த்துப் பழகிவிட்டோம். ஜெர்மானியக் கலைஞர் குந்தர் டெம்னிக் செய்த 'இடறுகல்'லைக் குனிந்துதான் பார்க்கணும். பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் கல், மேலே பித்தளைத் தகடு. நாஜிகள் கொன்றவர் கடைசியாகத் தன் விருப்பப்படி குடியிருந்த வீட்டு வாசலில், நடைபாதையில் பதிக்கிறார்கள். 'இங்கே குடியிருந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன ஆண்டு, கொன்ற இடம். எழுத்தெல்லாம் கையால் தட்டியது. யூதக் குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள் என ஆளுக்கொரு கல். வெவ்வேறு முகாம்களில் செத்தவர்கள் வாசலில் ஒன்றுசேர்கிறார்கள்.

இது எங்கே தொடங்கியது என்பதையும் சொல்லணும். 1940 மே மாதம் கொலோன் நகரிலிருந்து ரோமா, சிந்தி மக்கள் ஆயிரம் பேரை நாடு கடத்தினார்கள். 'ஜிப்சி' என்று இழிவாகப் பேசப்பட்டவர்கள். அவர்களைக் கொண்டுபோன வழி நெடுக 1990இல் டெம்னிக் கோடு போட்டார். பிறகு அந்தச் சுவட்டைப் புதுப்பிக்கையில், இந்தப் பக்கம் ஜிப்சிகள் இருந்ததே இல்லை என்றாராம் ஒரு மூதாட்டி. பக்கத்தில் வாழ்ந்தவர்கள் யாரென்றே அவருக்குத் தெரியவில்லை! அந்த மக்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்று மேற்கு ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டதே 1982இல்தான்.

ரோமாக்களை ஆஷ்விட்சுக்கு அனுப்ப ஹிம்லர் உத்தரவிட்டு 50 ஆண்டு முடிந்த அன்று, 1992 டிசம்பர் 16, கொலோன் நகர மன்றத்தின் முன்னால் முதல் கல் பதிந்தது. 2023 மே மாதம் நூரம்பெர்க்கில் பதித்தது ஒரு லட்சமாவது கல்.

எதிர்ப்பும் உண்டு. மியூனிக் யூத சமூகத் தலைவர் சார்லோட் க்னோப்ளோக் சிறுமியாக ஒளிந்து உயிர் தப்பியவர். செத்தவர்களை மறுபடியும் மிதிப்பதா என்று கேட்டார். காலுக்குக் கீழே பெயர் என்றதும் எனக்கும் சுருக்கென்றது. மியூனிக் தன் பொது இடங்களில் கல்லை அனுமதிக்கவில்லை. 2018 முதல் சுவரிலும் கம்பத்திலும் பெயர்களை வைக்கிறது.

கல்லோ கம்பமோ, வாசலை விடக் கூடாது என்பதே என் கட்சி. முகாம் எங்கோ இருந்தது, எங்களுக்கென்ன தெரியும் என்றவர்கள் ஏராளம். பிடித்துக்கொண்டு போனது இந்தப் படியிலிருந்துதானே? கட்டிலையும் பாத்திரத்தையும் ஏலத்தில் எடுத்தவர்கள் அதே ஊர்க்காரர்கள்தானே? அதைத்தான் இந்தக் கல் கேட்கிறது.

பித்தளை கறுத்துவிடும். 1938 நவம்பர் 9 வெறியாட்டத்தின் நினைவுநாளில் பலர் முட்டிபோட்டுத் துடைக்கிறார்கள். துடைக்க ஆள் இருக்கும்வரை அந்தப் பெயரைப் படிக்கலாம்.